கப்பலில் நின்றுபோன செண்பகவடிவு

மேல்பிரிவு லயம்,
தலவாக்கலை.
28.01.2024

அன்புள்ள மாயாண்டி அண்ணனுக்கு,

கூடப் பிறக்காத தம்பி சூசைரட்ணம் எழுதுவது. நானேதான் எழுதுகிறேன். வரிகளைப் பார்த்தாலே தெரியும். ஒவ்வொன்றும் செடி வெட்டிய கவ்வாத்து மலையில் இறங்குவதுபோல வலது பக்கம் சரிந்து போகும். என் வாழ்க்கையில் நான் எழுதும் முதல் கடிதம் இது. வியாழக்கிழமை தொடங்கினேன். இன்று ஞாயிறு. இடையில் பேனாவை வைத்துவிட்டு விரலை நீவிக்கொண்டேன், சாப்பிட்டேன், கோயிலுக்கும் போய் வந்தேன்.

போனில் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் உங்களுக்கு ஒழுங்காகக் காது கேட்பதில்லை. அதோடு, போனில் பேசுவதற்கா நான் ஒன்றரை வருடம் கோயில் மண்டபத்தில் டெல்சி டீச்சரிடம் எழுத்துப் படித்தேன்? பெரியவர்கள் ஒன்பது பேர் தொடங்கினோம். மூன்று பேர் மிஞ்சினோம். பொன்னையா இரண்டாம் வாரமே, "சூசை, நமக்கு வாயில பல்லே நாலுதான் இருக்கு. இதுல எழுத்த வேற எங்க வைக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

இப்போது கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்கிறேன். சவர்க்காரப் பெட்டியை வாசிக்கிறேன், மருந்துப் போத்தலை வாசிக்கிறேன். ஹட்டன் பஸ்ஸில் ஜன்னலுக்கு மேலே, கையை வெளியே நீட்ட வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. எத்தனையோ வருடமாக அதற்குக் கீழே உட்கார்ந்து கையை வெளியே போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். கல்லறைத் திருநாளன்று என் வீட்டுக்காரி பெற்றீசியாவின் கல்லறையில் அவள் பெயரை நானே வாசித்தேன். பத்து வருடம் மெழுகுதிரி ஏற்றிய இடத்தில் அவள் பெயர் அவ்வளவு நீளமாக இருந்திருக்கிறது.

இந்த வயதில் எதற்கு என்று கேட்பவர்களிடம் சிரித்துவிடுவேன். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். செண்பகவடிவுக்காகத்தான்.

எழுபத்துமூன்றில், எழுபத்துநாலில், மாவும் இல்லை அரிசியும் இல்லை என்று ஆனபோது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் சாக்கை விரித்து உட்காருவீர்கள். துண்டில் சுற்றிய அந்த அட்டை கிழிந்த தடித்த புத்தகத்தை எடுத்து, விரலை வரியில் வைத்து வாசிப்பீர்கள். அவித்த மரவள்ளிக் கிழங்கையும் வெறும் தேயிலைச் சாயத்தண்ணியையும் வைத்துக்கொண்டு நாங்கள் முப்பது நாற்பது பேர் கேட்போம். செண்பகவடிவு ஆண் வேடம் போட்டு, பூட்டிய பெட்டி ஒன்றோடு கப்பல் ஏறுவாள். யார் மிரட்டினாலும் பெட்டியைத் திறக்கமாட்டாள். கடைசியாக வாசித்த ஞாயிறு, கப்பல் தலைவன் வாளை உருவிக்கொண்டு, "பெட்டியத் திற" என்றான். நீங்கள் வழக்கம்போல ஒரு கொழுந்தைப் பக்கத்துக்குள் அடையாளமாக வைத்து மூடினீர்கள். அடுத்த ஞாயிறு வாசிப்பு இல்லை. அடுத்த மாதம் நீங்களே இல்லை. கினிகத்தேனையில் உங்கள் மாமா கடைக்குப் போய்விட்டீர்கள்.

பிறகு எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை சாவு வீட்டில் கேட்டிருப்பேன். "மறந்துபோச்சுடா" என்பீர்கள். ஐம்பது வருடமாக அந்தப் பெண் வாளுக்கு முன்னால் நிற்கிறாள் அண்ணே. இனி நானே வாசித்துக்கொள்கிறேன்.

பேத்தி ஜெரோமி படிக்கும் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் மார்ச் மாதம் தொடங்கி தோட்டத்து வாசிகசாலைகளைப் பற்றிக் கண்காட்சியும் கலை இலக்கிய விழாவும் நடக்கப் போகின்றன. நம் வாசிகசாலை இடிந்தபோது அலமாரியில் இருந்த புத்தகங்களை அவர்கள்தான் எடுத்துப் போனார்களாம். வாசிகசாலையிலிருந்து நீங்கள் எடுத்து வாசித்த புத்தகமும் அங்கே இருக்கும். என்னைக் கூட்டிப் போவதாக ஜெரோமி சொல்லியிருக்கிறாள்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். இந்தியாவிலிருந்து என் அக்கா எழுதிய கடிதத்தை உங்களிடம் கொண்டுவந்தேனே, நினைவிருக்கிறதா? உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "எனக்கு வேல கெடக்கு. டவுன்ல யார்கிட்டயாவது காட்டு" என்று திருப்பிக் கொடுத்தீர்கள். தலவாக்கலையில் ஒரு சலூனில், முகத்தில் பாதி நுரையோடு உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர், அப்பா இறந்துபோனதை எனக்கு வாசித்துச் சொன்னார். ஊருக்கெல்லாம் வாசித்த நீங்கள் எனக்கு அந்த அரைப் பக்கத்தை வாசிக்கவில்லை. அந்தக் கோபத்தை உங்களிடம் காட்டியதில்லை. ஆனால் அது போகவும் இல்லை. எழுத வந்ததும் முதல் கடிதத்திலேயே வந்துவிட்டது, பாருங்கள்.

இப்படிக்கு,
தம்பி சூசைரட்ணம்

*

கினிகத்தேனை.
11.02.2024

தம்பி சூசைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்குக் கண்ணில் புரை. ஆகையால் மருமகள் தனுஜா வாசித்துச் சொன்னாள். இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். உன் எழுத்தை வாசிக்க அவளுக்கு இரண்டு பிளேன்டீ தேவைப்பட்டது.

எழுபது தாண்டி எழுத்துப் படித்துவிட்டாய். நல்லது. இனி யார் வீட்டுக் கல்லறையையும் வாசிக்காமல் விடமாட்டாய்.

புத்தகத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அது எப்போதோ கரையான் தின்றிருக்கும். தேடிக்கொண்டு அவ்வளவு தூரம் போகாதே. உனக்கு மூட்டுவலி. செண்பகவடிவு செத்துப்போனாள், கப்பல் கவிழ்ந்தது, எல்லோரும் செத்துப்போனார்கள். அவ்வளவுதான் கதை. போதுமா?

நூலகத்து விழா படித்தவர்களுக்கு. அங்கே போய் நம் கதையையெல்லாம் கடைபரப்பாதே.

அந்தக் கடிதத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே வேலை இருந்தது.

அண்ணன் மாயாண்டி

(சின்ன மாமா, நீங்கள் கதையைப் பற்றி எழுதியதை மாமா என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். கப்பல் கவிழ்ந்தது என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. — தனுஜா)

*

தலவாக்கலை.
10.03.2024

அண்ணே,

நேற்று நூலகத்துக்குப் போனேன். விடிய முன்னமே எழுந்து, கல்யாணத்துக்கு உடுத்தும் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஜெரோமியோடு ஸ்டேஷனில் கோச்சி ஏறினேன். கரையான் தின்றிருக்கும் என்றீர்கள். தின்னவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் அவ்வளவு பெரிய கட்டடத்துக்குள் போனதில்லை. வாசலில் தப்பு மேளம் அடிக்க நம் ஆட்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பெரியவர் இராமையா, சுவரில் இருந்த பலகையைக் காட்டி, "தம்பி, சத்தம் போடக்கூடாதுன்னு எழுதியிருக்குன்னு சொல்றாங்களே, அடிக்கலாமா?" என்று கேட்டார். நான் போய் அந்தப் பலகையை வாசித்து, "ஆமா, அமைதி காக்கவும்னுதான் போட்டிருக்கு" என்றேன். நூலகர் சுகந்தன் ஓடிவந்து, "இன்னைக்கு மட்டும் அடிங்க ஐயா, நல்லா அடிங்க" என்றார். அடித்தார்கள். மேல்மாடியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் புத்தகத்தோடு இறங்கி வந்து படிக்கட்டு முழுக்க நின்றார்கள்.

பிறகு கவிதை வாசித்தார்கள். ஒரு சிங்களப் பிள்ளை மலையகத் தாலாட்டு ஒன்றைத் தமிழில் பாடியது. எனக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, "சீயா, இங்க உக்காருங்க" என்றதும் அந்தப் பிள்ளைதான். சிங்களத்தில் சீயா என்றால் தாத்தா. ஒரு பேராசிரியர் தோட்டத்து வாசிகசாலைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. எல்லாம் முடிந்து கட்லட்டும் டீயும் கொடுத்தார்கள். கையில் கட்லட்டோடு கண்காட்சி மேசைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மூன்றாவது மேசையில் அது இருந்தது. அட்டை இல்லை. ஓரத்தில் சிவப்புச் சாயம். பக்கங்களுக்கு நடுவே காய்ந்த கொழுந்துகள், அறுபதுக்கு மேல், ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் ஒன்று. என் வாய் சும்மா இருக்கவில்லை. "இது எங்க மாயாண்டி அண்ணன் வாசிச்ச புத்தகம்ல" என்று கத்திவிட்டேன். சுகந்தன் வந்தார்.

"அவங்க இருக்காங்களா ஐயா?"

"இருக்காரே. கினிகத்தேனையில இருக்காரு."

"ஏப்ரல் இருபத்தேழு நிறைவு விழா. கூட்டிட்டு வர முடியுமா? இதே புத்தகத்துல ஒரு பக்கம் மேடையில வாசிச்சாங்கன்னா போதும். நீங்களும் ரெண்டு வார்த்த பேசணும்."

"வருவாரு தம்பி, நான் கூட்டிட்டு வாறேன்" என்றேன். என் பெயரையும் உங்கள் பெயரையும் எழுதிக்கொண்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை. புத்தகத்தை என் கையிலேயே கொடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசிக் கொழுந்து இருந்த பக்கத்தைத் திறந்தேன். கப்பல் தலைவன் அங்கே வாளோடு நிற்பான் என்று நினைத்தேன்.

மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன செய்ய வேண்டும் என்று இருந்தது.

பக்கம் தவறிவிட்டது என்று முன்னால் புரட்டினேன். மடி வீக்கம். பின்னால் புரட்டினேன். குளம்புப் புண். எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி எங்கே வாசித்தாலும் மாடு. முழுக்க மாட்டு வைத்தியம் அண்ணே. கப்பல் இல்லை. கடல் இல்லை. செண்பகவடிவு என்ற பெயர் ஒரு இடத்திலும் இல்லை. மேசையில் ஒரு அட்டை வைத்திருந்தார்கள். அதையும் வாசித்தேன்: "தோட்டத் தொழிலாளர்கள் மிகுந்த ஆர்வத்துடன் பயின்ற தொழில்நுட்ப நூல். பக்க அடையாளங்களைக் கவனிக்கவும்."

புத்தகத்தை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு வருடம் எங்களை உட்காரவைத்து ஏமாற்றியிருக்கிறீர்கள். நான் எழுபத்தொரு வயதில் எழுத்துப் படித்தது, இல்லாத ஒரு பக்கத்தை வாசிக்க. கோச்சியில் ஜெரோமி பேச்சுக்கொடுத்தாள். தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். நாவலப்பிட்டி தாண்டி மலை ஏறும்போதுதான் அந்தச் சலூன் நினைவுக்கு வந்தது. அக்காவின் கடிதத்தை நீங்கள் திருப்பித் திருப்பிப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது.

உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. கண்ணில் புரையும் இல்லை. எனக்கு ஏன் இது ஐம்பது வருடம் தோன்றவில்லை? எழுத்துத் தெரியாதவன்தானே நானும். தெரியாதவனுக்கு, தெரிந்தவன் மாதிரி உட்கார்ந்திருப்பவனைக் கண்டுபிடிக்கத் தெரியாது.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகுதான் உறைக்கிறது. இதை உங்களுக்கு வாசித்துச் சொல்லப்போவது தனுஜா. உங்கள் வீட்டில் இது யாருக்கும் தெரியாது.

இதை அனுப்ப முடியாது. வேதாகமத்துக்குள் வைத்துவிடுகிறேன்.

*

தலவாக்கலை.
13.03.2024

அன்புள்ள மாயாண்டி அண்ணனுக்கு,

நலம். நூலகத்துக்குப் போய் வந்தேன். தப்பு அடித்தார்கள், கட்லட் கொடுத்தார்கள். உங்கள் புத்தகம் அங்கே இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் இருந்ததால் நான் வாசிக்கவில்லை.

ஒரு தவறு செய்துவிட்டேன். புத்தகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அது உங்களுடையது என்று நூலகரிடம் சொல்லிவிட்டேன். ஏப்ரல் 27 நிறைவு விழாவில் நீங்கள் வந்து அதில் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும் என்கிறார். இன்று போன் எடுத்து, அண்ணனுக்குக் கண் தெரியாது என்றேன். "பரவாயில்ல ஐயா, பக்கத்த சுவர்ல பெரிசா காட்டுவோம், ஒரு எழுத்து ஒரு அடி உயரத்துக்கு இருக்கும்" என்கிறார். நல்ல மனிதர். அதுதான் தொல்லையாக இருக்கிறது.

நீங்கள் வர வேண்டியதில்லை. காய்ச்சல் என்று சொல்லட்டுமா? ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்கள்.

முதல் கடிதத்தில் சலூன் விஷயம் எழுதியிருந்தேன். அதை எழுதியிருக்கக் கூடாது. அந்தக் கோபம் போய்விட்டது. ஏன் என்று கேட்காதீர்கள்.

தம்பி சூசைரட்ணம்

*

கினிகத்தேனை.
21.03.2024

சூசைக்கு,

ஐம்பது வருடம் வைத்திருந்த கோபம் ஒரே நாளில் போகாது. நீ கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றாயா, உள்ளே கையைவிட்டாயா என்று உனக்குத்தான் தெரியும்.

என் பெயரைப் பெரிய இடத்தில் போய்ச் சொல்லச் சொல்லி உன்னிடம் யார் கேட்டது? கினிகத்தேனையில் என்னை இன்றும் புத்தகக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் மகன் அதைச் சொல்லித்தான் பெண் கேட்டான். அதை நீ இரண்டு எழுத்துப் படித்த ஆனந்தத்தில் தெருவில் போட்டுவிட்டாய்.

நான் வரமாட்டேன். காய்ச்சல் என்றும் சொல்லாதே, செத்துப்போனேன் என்றும் சொல்லாதே. ஒன்றும் சொல்லாதே. இனிக் கடிதமும் வேண்டாம்.

மாயாண்டி

(சின்ன மாமா, மாமா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன நடந்தது? — தனுஜா)

*

தலவாக்கலை.
31.03.2024
உயிர்த்த ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்று மட்டும்.

போன செவ்வாய்க்கிழமை தனியாகவே கோச்சி ஏறி நூலகத்துக்குப் போனேன். நூலகரிடம், "தம்பி, நான் தப்பாச் சொல்லிட்டேன். அது எங்க தோட்டத்துப் புத்தகமே இல்ல. மாயாண்டின்னு ஒருத்தரும் வாசிக்கல. அன்னைக்கு அந்தச் சத்தத்துல எனக்குக் கிறுகிறுத்துப்போச்சு. வயசான கட்ட, உளறிட்டேன்" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிங்க ஐயா, ஒண்ணும் பிரச்சின இல்ல" என்று அழைப்பிதழில் உங்கள் பெயரைக் கோடு போட்டு அடித்தார். கொஞ்ச நேரம் யோசித்து என் பெயரையும் அடித்தார். உளறுகிறவனை மேடையில் ஏற்ற முடியாதுதானே.

வெளியே வரும்போது மேசையில் வேலை செய்துகொண்டிருந்த பிள்ளை இன்னொன்றிடம், "அதான் அன்னைக்குக் கத்தினாரே, அந்தத் தாத்தா" என்றது காதில் விழுந்தது. ஜெரோமிக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. அவளிடமும் காரணம் சொல்லவில்லை. மேடையில் வாசிக்க நானே எழுதி வைத்திருந்த ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவைத்துவிட்டேன். அது என் எழுத்திலேயே நல்ல எழுத்து.

உங்கள் பெயர் இப்போது எங்கேயும் இல்லை. கினிகத்தேனையில் உள்ளபடியே இருக்கும். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தம்பி சூசைரட்ணம்

*

கினிகத்தேனை.
10.04.2024

தம்பி சூசைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. தனுஜாவை மூன்று தடவை கூப்பிட்டு உட்காரவைத்து, மூன்று தடவையும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன். இன்று சொல்லிவிடுகிறேன். அவளும் கேட்டுக்கொள்ளட்டும்.

எனக்கு எழுதவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. கண் நன்றாகத்தான் இருக்கிறது. எதிர்மலையில் மாடு மேய்ப்பது யார் என்று இங்கிருந்தே சொல்வேன்.

(இந்த இடத்தில் தனுஜா பேனாவை வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்து உட்கார்ந்து, "ம், சொல்லுங்க மாமா, அடுத்து?" என்றாள். இதையும் எழுது என்றேன். எழுதுகிறாள்.)

வாசிகசாலையைக் கூட்டிப் பெருக்குவது என் வேலை. ஒருநாள் ஒரு புத்தகத்தைத் தூசி தட்டிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். காளியாயி அக்கா பார்த்தாள். அந்த வாரம்தான் அவளுடைய சின்னப் பிள்ளை வயிற்றோட்டத்தில் செத்துப்போயிருந்தது. "மாயாண்டி, வாசிக்கத் தெரியுமா ஒனக்கு? கொஞ்சம் வாசியேன், கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. புத்தகத்தைத் திறந்து, ஒரு ஊரில் செண்பகவடிவு என்று ஒருத்தி இருந்தாள் என்று தொடங்கினேன். அடுத்த ஞாயிறு அவள் நான்கு பேரைக் கூட்டிவந்தாள். அதற்கடுத்த ஞாயிறு நீங்களெல்லாம் வந்துவிட்டீர்கள். பிறகு எப்படி நிறுத்துவது?

கதையில் பாதி கூத்தில் கேட்டது, பாதி கொழுந்து மலையில் பெண்கள் பேசியது. மீதி பசி. பெட்டிக்குள் என்ன இருந்தது என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். எனக்கே தெரியாது சூசை. அதற்குள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்குவதற்குப் புதிய மாஸ்டர் ஒருவர் வந்தார். "ஞாயித்துக்கெழம நானும் வந்து உக்காருறேன், புத்தகத்தக் காட்டுங்க" என்றார். அன்றைக்கே புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு, கினிகத்தேனைக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

உன் அக்காவின் கடிதம் அதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. உறையைக் கையில் வாங்கியபோது, இதையும் எதையாவது சொல்லி வாசித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எல்லோரும் நலம், அப்பா உன்னைக் கேட்டார் என்று சொல்லியிருப்பேன். நீயும் நம்பிக்கொண்டு போயிருப்பாய். கதைக்குப் பொய் சொல்லலாம். உன் வீட்டுச் செய்திக்கு நான் எப்படிப் பொய் சொல்வேன்? தெரியாது என்று சொல்லும் தைரியமும் இல்லை. அதனால்தான் அப்படி விரட்டினேன். நீ மலைப் பாதையில் இறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

என் பெயர் கெடக்கூடாது என்று உன் பெயரைக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய். அதுவும் எழுத்துப் படித்து, உன் பெயரை நீயே எழுதக் கற்றுக்கொண்ட வருடத்தில். அதை வைத்துக்கொண்டு என்னால் சோறு சாப்பிட முடியவில்லை.

நூலகரிடம் உள்ளதைச் சொல். எல்லோருக்கும் சொல்லச் சொல். இருபத்தேழாம் தேதி தனுஜா என்னைக் கூட்டிவருவாள். சுவரில் எழுத்தெல்லாம் காட்ட வேண்டாம். அந்தப் புத்தகத்தை மட்டும் கையில் கொடுக்க வேண்டும். அது கையில் இருந்தால்தான் எனக்கு வரும். பக்கத்தில் நீ உட்கார வேண்டும்.

இன்னொன்று. நீ அதை வாசித்துவிட்டாய் என்று தெரியும். அது என்ன புத்தகம்? இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுது.

அண்ணன் மாயாண்டி

*

தலவாக்கலை.
15.04.2024

அண்ணே,

மாட்டு வைத்தியம்.

சூசை

*

தலவாக்கலை.
01.05.2024

அன்புள்ள மாயாண்டி அண்ணனுக்கு,

நாலு நாளுக்கு முன்னால்தான் பஸ் நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். நீங்கள் பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். அதை எழுதத்தான் இது. தனுஜா, இதைச் சத்தமாகவே வாசி.

அதற்கு முன்னால் ஒன்று. மேசையிலிருந்த பழைய அட்டையைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று வைத்திருந்தார்களே, அதை யாராவது உங்களுக்கு வாசித்துச் சொல்வதற்குள் தனுஜா உங்களை மேடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் வாசித்தேன். "மாட்டு வைத்தியக் கையேடு. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் இதிலிருந்து செண்பகவடிவின் கதை வாசிக்கப்பட்டது. வாசித்தவர்: மாயாண்டி." வாசித்தவர் என்றே போட்டிருக்கிறார்கள். நான் சுகந்தனிடம், "தம்பி, இது சரியா?" என்று கேட்டேன். "வேற என்னன்னு போடுறது ஐயா?" என்றார். அடித்த என் பெயரையும் திரும்ப எழுதிக்கொண்டு, "அன்னைக்கு நீங்க உளறலன்னு எனக்குத் தெரியும். ஏன்னுதான் தெரியல" என்றார்.

நீங்கள் மேடையில் உட்கார்ந்ததும் நூலகர் உள்ளதைச் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொள்வீர்கள் என்று பயந்தேன். "சிரிங்க, சிரிங்க. நான் அறுவது வாரத்துக்கு மேல மாட்டுக்கு வைத்தியம் பாத்திருக்கேன், ஒரு மாடு சாகல" என்றீர்கள். அதோடு அவர்கள் உங்கள் ஆட்கள் ஆகிவிட்டார்கள். துண்டை மடியில் விரித்து, புத்தகத்தை வைத்து, விரலை வரியில் வைத்தீர்கள். குரல் அப்படியே இருந்தது அண்ணே. கொஞ்சம் கரகரப்பு. அவ்வளவுதான்.

பக்கத்தில் இருந்ததால் உங்கள் விரலுக்கு அடியில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரிந்தது. நீங்கள், "நடுக்கடல்ல காத்து எழுந்துச்சு" என்றீர்கள். அங்கே கன்று ஈன்ற பசுவுக்கு மூன்று நாளும் வெந்நீர் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. பாய்மரம் கிழிந்தபோது தவிடும் வெல்லமும். கப்பல் தலைவன் வாளை உருவிக்கொண்டு வந்தபோது கொம்பு உடைந்தால் கட்டுப்போடும் முறை. பக்கத்தின் முடிவு வரும்போது உங்கள் வாக்கியமும் சரியாக முடிந்தது. எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் அது எப்படி என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. காது ஒரு பக்கம் போகிறது, கண் ஒரு பக்கம் போகிறது. எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் இருக்க இந்தக் கண்ணால் இப்போது முடிவதில்லை. செண்பகவடிவு அழுகிறாள், நான் புண்ணாக்கு வாசிக்கிறேன். இதற்காகவா ஐம்பது வருடம் காத்திருந்தோம் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன். எழுத்துகள் எறும்புபோல ஊர்ந்து, மங்கி, பிறகு வெறும் தாள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகுதான் கடல் வந்தது.

கப்பல் தலைவன், "பெட்டியத் திற" என்றான். செண்பகவடிவு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். "நீங்களே தொறந்து பாத்துக்கங்க" என்றாள். அவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். வாளைக் கீழே போட்டான். சாவியை அவளிடமே கொடுத்துவிட்டு, பெட்டியைத் திறக்காமலே தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, கரை தட்டிய கப்பலிலிருந்து தண்ணீருக்குள் இறங்கிக் கரைக்கு நடந்தான்.

இதைச் சொல்லும்போது உங்கள் விரல் வரியில் இல்லை. எனக்கு மட்டும் சொல்வதுபோல என் பக்கம் திரும்பியிருந்தீர்கள். கண்ணாடி இல்லாமல் உங்கள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை அண்ணே. ஆனால் நீங்கள் புத்தகத்தைப் பார்க்கவில்லை.

தம்பி சூசைரட்ணம்